லிப்ரெஆபிஸ் அப்டேட்டுக்கப்புறம் திறக்கலையா? அந்த "4" ஃபோல்டர்ல மட்டும் கை வச்சிடாதீங்க

அப்டேட் போட்டேன், ஐகானைக் கிளிக் பண்ணா லோகோ ஒரு செகண்ட் வருது, அப்புறம் காணாமப் போயிடுதுன்னு மாசாமாசம் யாராவது ஒருத்தர் போன் பண்ணிடறாங்க. பிரச்சினை பெருசா இருக்காது, பெரும்பாலும் பத்து நிமிஷ வேலைதான். ஆனா எனக்குப் போன் வர்றதுக்குள்ள அவங்க என்னென்ன பண்ணி வச்சிருக்காங்கன்னு கேட்டாதான் வயிறு கலங்குது. புதுசா சிஸ்டம் பாக்க வர்ற பசங்க எல்லாரும், நாங்க ஆரம்பத்துல பண்ண அதே கூத்தை அதே வரிசையில பண்றாங்க.

டிஸ்க் ஃபுல்லா, வைரஸ் ஸ்கேன் போட்டாச்சா மாதிரி விஷயத்தையெல்லாம் இங்க எழுதப்போறதில்ல, அது உங்களுக்கே தெரியும். எம்எஸ் ஆபிஸ் மாதிரியே ஃப்ரீயா கிடைக்கற லிப்ரெஆபிஸை வச்சே சொல்றேன், ஏன்னா டைப்பிங் சென்டர், டிடிபி கடை, பத்திரம் எழுதற ஆபிஸ்னு நான் போற இடத்துல எல்லாம் அதுதான் ஓடுது.

ஐகானைப் போட்டு அடிஅடின்னு அடிக்கறது

லிப்ரெஆபிஸ் ஒரு யூசருக்கு ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும். நீங்க ரெண்டாவது தடவ கிளிக் பண்ணும்போது அது புதுசா எதையும் திறக்காது, ஏற்கனவே ஓடிட்டிருக்கறதுகிட்ட வேலையை ஒப்படைச்சிட்டு தானா மூடிக்கும். இப்ப அந்த முதல் ஆள் பாதியில தொங்கிட்டு நிக்கறான்னு வச்சுக்கோங்க, நீங்க எத்தனை கிளிக் பண்ணாலும் எல்லாம் அவன்கிட்டதான் போய் விழும், ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது, எரர்கூட வராது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து டீடெயில்ஸ் டேப்ல பாருங்க. எல் எழுத்துல தேடுனா கிடைக்காது, எஸ் எழுத்துல தேடணும். சாஃபிஸ் டாட் எக்ஸ்இ, சாஃபிஸ் டாட் பின்னுன்னு ரெண்டு இருக்கும், ரெண்டையும் முடிச்சுவிட்டுட்டு அப்புறம் ஒரே ஒரு கிளிக். பாதி கேஸ் இதோட முடிஞ்சிடும்.

ஷட்டவுன் பண்ணி ஆன் பண்றதை ரீஸ்டார்ட்னு நினைக்கறது

விண்டோஸ் 8-ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கு. அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் முழு ஷட்டவுனே கிடையாது, விண்டோஸோட உள்பகுதியை டிஸ்க்ல சேவ் பண்ணி வச்சு மறுபடி அதையே எழுப்பும். இன்ஸ்டாலர் ரீஸ்டார்ட் கேட்டா ரீஸ்டார்ட் பட்டனைத்தான் அழுத்தணும்.

அன்இன்ஸ்டால், இன்ஸ்டால், மறுபடி அன்இன்ஸ்டால்

300 எம்பிக்கு மேல டவுன்லோட். ஒரு பையன் மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு இதையே மத்தியானம் பூரா பண்ணிட்டிருந்தான். விஷயம் என்னன்னா புரோகிராம் ஒரு இடத்துல இருக்கும், உங்க செட்டிங்ஸ் வேற இடத்துல இருக்கும், அன்இன்ஸ்டால் பண்ணா புரோகிராம் மட்டும்தான் போகும். செட்டிங்ஸ்ல கோளாறுன்னா நூறு தடவ இன்ஸ்டால் பண்ணாலும் புதுசா வர்ற புரோகிராம் அதே கெட்டுப்போன செட்டிங்ஸைத்தான் படிச்சிட்டு அதே இடத்துல விழும்.

இதை ஒருத்தன் புரிஞ்சுக்கிட்டான்னு வைங்க, நல்லதுதானேன்னு தோணும். ஆனா அரைகுறையா புரிஞ்சுக்கிட்டவன்தான் அடுத்து சொல்லப்போற வேலையைப் பண்றான்.

அந்த "4" ஃபோல்டரை டெலீட் பண்றது

எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வர்றது இது ஒண்ணுக்குத்தான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

விண்டோஸ்ல உங்க செட்டிங்ஸ் இருக்கற இடம் இதுதான்: சி டிரைவ், யூசர்ஸ், உங்க லாகின் பேரு, ஆப்டேட்டா, ரோமிங், லிப்ரெஆபிஸ், அதுக்குள்ள 4, அதுக்குள்ள யூசர். ஆப்டேட்டா ஹிட்டன் ஃபோல்டர், சாதாரணமா கண்ணுக்குத் தெரியாது. 2013-ல 4.0 வெர்ஷன் வந்தப்ப இந்த 4-ங்கற பேரு வந்துச்சு, அதுக்கப்புறம் 5, 6, 7 எல்லாம் வந்து, 2024-ல இருந்து வருஷமும் மாசமும் வச்சு 24.2, 24.8, 25.2-ன்னு நம்பர் போட ஆரம்பிச்சும் ஃபோல்டர் பேரை மட்டும் மாத்தவே இல்ல. இப்ப புதுசா ஒருத்தன் உள்ள போய்ப் பாக்கறான். நான் போட்டது 25, இங்க 4-ன்னு இருக்கே, பத்து வருஷத்துக்கு முந்தின குப்பைன்னு நினைச்சு ஷிஃப்ட் டெலீட் அடிச்சிடறான். புரோகிராமும் உடனே ஜம்முனு திறந்துக்கும், அதுதான் இதுல பெரிய கொடுமையே. சரி பண்ணிட்டோம்னு கிளம்பி டீக்கடைக்குப் போயிடுவான்.

சப்ரிஜிஸ்ட்ரார் ஆபிஸ் பக்கத்துல ஒரு பத்திர எழுத்தர் ஆபிஸ்ல இதேதான் நடந்துச்சு. அங்க டைப் பண்ற அக்கா ஒவ்வொரு வாசகத்தையும் ஆட்டோடெக்ஸ்ட்ல போட்டு வச்சிருந்தாங்க. ரெண்டு எழுத்து அடிச்சு எஃப்3 தட்டுனா "சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது"ன்னு முழு பாராவும் வந்து விழும். சக்குபந்திக்கு ஒண்ணு, வில்லங்கம் இல்லைங்கற உறுதிமொழிக்கு ஒண்ணு, கிரயம் தனி, தானம் தனி, அடமானம் தனி. வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா சேத்தது. ஒரு பையன் வந்து மேல சொன்ன மாதிரி சரி பண்ணிட்டுப் போயிட்டான். அக்கா எஃப்3 தட்டுறாங்க, ஒண்ணும் வரல. வெளிய முகூர்த்த நாள் கூட்டம், டோக்கன் வாங்கிட்டு கட்சிக்காரங்க நிக்கறாங்க, அந்தம்மா பழைய பத்திர நகலை எடுத்து வச்சு முதல் வரியில இருந்து அடிக்க ஆரம்பிச்சாங்க. எனக்கு போன் வந்தது அதுக்கப்புறம்தான்.

அந்த யூசர் ஃபோல்டருக்குள்ள என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சா யாரும் ஷிஃப்ட் டெலீட் அடிக்க மாட்டாங்க. ஆட்டோடெக்ஸ்ட் இருக்கு. ஆட்டோகரெக்ட்ல நீங்க சேத்த திருத்தம் இருக்கு. வேர்டுபுக்னு ஒரு ஃபோல்டர்ல நீங்க ஸ்பெல்செக்ல சேத்த ஊர் பேரு, ஆள் பேரு எல்லாம் இருக்கு. பேசிக்னு ஒண்ணு, அதுல மேக்ரோ, அதாவது திரும்பத் திரும்பப் பண்ற வேலையைத் தானா பண்ண நீங்க எழுதி வச்சது. உங்க சொந்த டெம்ப்ளேட். இது எல்லாத்தையும் விட முக்கியமா பேக்கப்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, ஆட்டோரெக்கவரி ஃபைல் எல்லாம் வந்து விழறது அங்கதான். அதாவது ஒரு டாக்குமென்ட் பாதியில திறந்து கிடக்கும்போது யாரோ அப்டேட் போட்டு புரோகிராம் செத்துப்போச்சுன்னா, சேவ் பண்ணாத அந்தப் பகுதி உயிரோட இருக்க வாய்ப்புள்ள ஒரே இடம் அந்த பேக்கப் ஃபோல்டர். புரோகிராமைத் திறக்க வைக்கறேன்னு அதையும் சேத்து அழிச்சிட்டு, அப்புறம் ஃபைல் ரெக்கவர் ஆகலையேன்னு என்னைக் கேட்டா நான் என்ன பண்றது?

ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டா வராதான்னு அடுத்து கேப்பாங்க. பழைய ஹார்ட் டிஸ்க்னா கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. எஸ்எஸ்டின்னா டெலீட் பண்ண இடத்தை டிரிம்னு ஒரு வேலை மூலமா டிரைவே காலி பண்ணிடும், அனேகமா கிடைக்காது. ஒன்டிரைவ்ல இருக்குமேம்பாங்க. அது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி ஃபோல்டரைத்தான் எடுத்து வைக்கும், ஆப்டேட்டாவை எடுக்காது. டி டிரைவ்ல எல்லாம் பத்திரமா இருக்கும்பாங்க, இது சி டிரைவ் விஷயம்ங்க.

சரி, என்ன பண்ணணும்? பேரை மாத்துங்க, அவ்வளவுதான். முதல்ல டாஸ்க் மேனேஜர்ல மேல சொன்ன ரெண்டும் ஓடலைன்னு பாத்துக்கோங்க. விண்டோஸ் கீயோட ஆர் கீயை அழுத்தி, சதவீதக் குறி ரெண்டுக்கு நடுவுல இடைவெளி இல்லாம ஆப்டேட்டான்னு இங்கிலீஷ்ல அடிச்சா நேரா ரோமிங் ஃபோல்டருக்கே போயிடும். அங்க இருந்து லிப்ரெஆபிஸ், 4-ன்னு உள்ள போய் யூசர்ங்கறதை யூசர்-பழசுன்னு மாத்திட்டு புரோகிராமைத் திறங்க. திறந்துச்சுன்னா தப்பு செட்டிங்ஸ்லதான்னு தெரிஞ்சுபோச்சு. திறக்கலைன்னா செட்டிங்ஸ் மேல தப்பே இல்ல, புதுசா ஒரு யூசர் ஃபோல்டர் உருவாகியிருந்தா அதை ஓரமா வச்சிட்டு பழசுக்கு பழைய பேரையே குடுத்துட்டு வேற இடத்துல தேடுங்க. இந்தத் திருப்பி மாத்தற வேலையைத்தான் நிறைய பேர் மறந்துடறாங்க, கடைசியில கோளாறு வேற எங்கயோ சரியாகி புரோகிராம் திறக்கும்போது எல்லாம் வெறுமையா இருக்கும், அய்யோ போச்சேன்னு கத்துவாங்க, போகல, பக்கத்துலயே பழசுன்னு பேரோட உக்காந்திருக்கும்.

செட்டிங்ஸ்லதான் தப்புன்னு தெரிஞ்சா, புரோகிராமை மூடிட்டு, பழசுல இருந்து ஆட்டோடெக்ஸ்ட், ஆட்டோகரெக்ட், வேர்டுபுக், பேசிக், டெம்ப்ளேட், பேக்கப் ஃபோல்டரை ஒவ்வொண்ணா புதுசுக்குள்ள காப்பி பண்ணுங்க. ஒண்ணு போட்டதும் திறந்து பாருங்க, அப்புறம் அடுத்தது. ரெஜிஸ்ட்ரி மாடிஃபிகேஷன்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கும், மெயின் செட்டிங்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான், கோளாறும் பெரும்பாலும் அதுலதான் இருக்கும், அதை மட்டும் கொண்டு வராதீங்க. எக்ஸ்டென்ஷனையும், அதாவது நீங்க தனியா சேத்த கூடுதல் வசதியையும் காப்பி பண்ண வேண்டாம், புதுசா டவுன்லோட் பண்ணி போட்டுக்கலாம். புரோகிராம் திறந்திருக்கும்போது காப்பி பண்ணவே கூடாது, மூடும்போது அது தன்கிட்ட இருக்கற செட்டிங்ஸை மேல எழுதிட்டுப் போயிடும்.

இதையெல்லாம் கையால பண்ண பயமா இருந்தா ஸ்டார்ட் மெனுவுல லிப்ரெஆபிஸ் சேஃப் மோடுன்னே தனியா ஒரு ஐகான் இருக்கு, 2017-ல 5.3 வெர்ஷன்ல வந்த வசதி. அதுல மேல இருந்து கீழ வாங்க: முதல்ல பழைய நல்ல நிலைமைக்குத் திருப்பறது, அடுத்து எக்ஸ்டென்ஷனை நிறுத்தறது, ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை (கிராபிக்ஸ் கார்டை வச்சு ஸ்கிரீன்ல வரையறதை) நிறுத்தறது. கடைசியா முழு புரொஃபைலையும், அதாவது அந்த யூசர் ஃபோல்டரையே ரீசெட் பண்றதுன்னு ஒண்ணு இருக்கும், அதுவும் டெலீட் மாதிரிதான், மரியாதையான பேரு வச்சிருக்காங்க. அதைத் தொடறதுக்கு முன்னாடி புரொஃபைலை ஸிப்பா எடுத்து வைக்கற பட்டனை அழுத்துங்க. அந்த ஸிப்பும் அதே யூசர் ஃபோல்டருக்குள்ளதான் போய் விழும், வெளிய எடுத்து பென்டிரைவ்ல போட்டுட்டு அப்புறம் மத்ததைப் பாருங்க.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்

வேண்டாம்.

டிஎல்எல் ஃபைலை மட்டும் தனியா டவுன்லோட் பண்றது

டிஎல்எல்ங்கறது புரோகிராம் ஓடறதுக்கு வேணுங்கற துணை ஃபைல்; இந்த டிஎல்எல் இல்லைன்னு எரர் வந்தா, அந்தப் பேரையே கூகிள்ல போட்டு, கிடைச்ச சைட்ல இருந்து இறக்கி சிஸ்டம் 32-ல போடறவங்க இன்னும் இருக்காங்க. வி சி ரன்டைம் 140-ன்னு பேர் ஆரம்பிச்சா அது விஷுவல் சி++ ரன்டைம் பேக்கேஜ், மைக்ரோசாஃப்ட் சைட்லயே ஃப்ரீயா குடுக்கறாங்க, அதை இன்ஸ்டால் பண்ணா முடிஞ்சது. ஊர் பேர் தெரியாத சைட்ல இருந்து வந்த ஃபைலை சிஸ்டம் ஃபோல்டர்ல போட்டா அது நல்லதா கெட்டதான்னு யாருக்குத் தெரியும்.

கிராபிக்ஸ் டிரைவர் மேல சந்தேகமே வராம இருக்கறது

2020-ல 7.0 வந்ததுல இருந்து விண்டோஸ்ல ஸ்கியான்னு ஒரு முறையிலதான் ஸ்கிரீன்ல வரையுது, அது கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தும். கார்டு பழசா இருந்தாலோ டிரைவர் சரியில்லாட்டியோ லோகோ வந்ததும் விழுந்துடும், யூசர் ஃபோல்டரை மாத்தினாலும் அதே கதைதான். இதைக் கண்டுபிடிக்க ஈவன்ட் வியூவர்ல விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள அப்ளிகேஷன்னு போங்க. சிவப்புல எரர் இருக்கும், அதுல ஃபால்ட்டிங் மாட்யூல்னு ஒரு வரி, அங்க கிராபிக்ஸ் டிரைவரோட ஃபைல் பேரு இருந்தா ஆள் மாட்டிக்கிட்டான். சேஃப் மோடுல ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை நிறுத்திட்டுத் திறங்க, அப்புறம் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், வியூவுல போய் ஸ்கியாவை சாஃப்ட்வேர்லயே ஓடச் சொல்லி டிக் போட்டுடுங்க. டிரைவர் அப்டேட்டை நிதானமா பண்ணிக்கலாம். ஈவன்ட் வியூவரை யாருமே திறந்து பாக்கறதில்ல, எனக்கு அது ஏன்னு புரியவே இல்ல, கம்ப்யூட்டரே காரணத்தை எழுதி வச்சிருக்கு.

லினக்ஸ்காரங்களுக்கு

ஐகானை விட்டுட்டு டெர்மினல்ல இருந்து ஓட்டுங்க, எரர் கண்ணு முன்னாடி வரும். இன்னொண்ணு, டெப் பேக்கேஜ்ல இருந்து ஸ்னாப்புக்கோ ஃபிளாட்பேக்குக்கோ மாறினீங்கன்னா செட்டிங்ஸ் இருக்கற இடமே மாறிடும். டெப்புக்கு ஹோம்ல இருக்கற ஹிட்டன் கான்ஃபிக் ஃபோல்டர், ஸ்னாப்புக்கு ஸ்னாப் ஃபோல்டர், ஃபிளாட்பேக்குக்கு புள்ளி வச்ச வார் ஃபோல்டர். எல்லாம் போச்சுன்னு அழறதுக்கு முன்னாடி மூணு இடத்துலயும் பாத்துடுங்க.

ஜாவாவைத் திட்டறது

லிப்ரெஆபிஸ்ல டேட்டாபேஸ் வேலைக்கு இருக்கற பேஸ் மாதிரி சிலதுக்குத்தான் ஜாவா வேணும். டைப் பண்ற ரைட்டரைத் திறக்க அது தேவையில்ல.

விண்டோஸ் 7-ல 25.8 போடறது

நடக்காது. 25.8-ல இருந்து விண்டோஸ் 7, 8, 8.1 மூணுக்கும் சப்போர்ட் எடுத்துட்டாங்க. பழைய மெஷின்தான் இருக்குன்னா முந்தின வெர்ஷனோட இருந்துக்கோங்க, அதுக்கான இன்ஸ்டாலர் அவங்க டவுன்லோட் ஆர்கைவ்லயே கிடைக்கும். இறக்கறதுக்கு முன்னாடி உங்க விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டான்னு பாத்துக்கோங்க.