இட்லிச் சட்டியில் கேரமல் கஸ்டர்ட்: ஓட்டை விழாமல் அவிப்பது எப்படி?

செட்டிநாட்டு இனிப்புகளில் பெரும்பாலானவை எண்ணெய்ச் சட்டியிலோ நெய்யிலோ உருவாகிறவை. கந்தரப்பம் எண்ணெயில் வேகும். உக்காரையும் கும்மாயமும் நெய் குடிக்கும். கேரமல் கஸ்டர்ட்டுக்கு நெய் வேண்டாம், மாவு வேண்டாம், கைவலிக்கக் கிண்டவும் வேண்டாம். பால், முட்டை, சீனி மூன்றும் ஆவியில் சேர்ந்து இறுகுவதுதான் பண்டம். பிறந்தது ஐரோப்பிய அடுப்படியில். ஆனால் பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிக்க (வணிகம் செய்ய) போய்வந்த ஊர்களுக்கு வெளிநாட்டுப் பண்டங்கள் புதிதல்ல. காரமான கோழிக் குழம்பும் உப்புக்கறியும் சாப்பிட்ட பிறகு, குளிர்ந்த கஸ்டர்ட் ஒரு துண்டு வாய்க்கு இதமாக இருக்கும்.

புதிதாகச் செய்கிறவர்கள் முட்டை எத்தனை, சீனி எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்கள். அளவு முக்கியம்தான். ஆனால் கஸ்டர்ட் கெடுவது பெரும்பாலும் அளவால் அல்ல, தீயால். அதனால் கீழே தீயைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

என்னென்ன வேண்டும்

ஆறு பேருக்கு இந்த அளவு:

கொழுப்பு குறையாத பால் 500 மி.லி.
முட்டை 4 (நடுத்தர அளவு, பண்ணை முட்டை)
கஸ்டர்ட்டுக்குச் சீனி 100 கிராம் (தலைதட்டி 8 மேசைக்கரண்டி)
கேரமலுக்குச் சீனி 75 கிராம் (6 மேசைக்கரண்டி), தண்ணீர் 3 மேசைக்கரண்டி
வெனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி, அல்லது ஏலக்காய் 3
உப்பு ஒரு சிட்டிகை

ஆவின் என்றால் ஆரஞ்சு பாக்கெட் எடுங்கள். நீலப் பாக்கெட்டில் கொழுப்பு குறைவு, கஸ்டர்ட் வழவழப்பாக வராது. வீட்டுக்கு வரும் கறவைப் பால் என்றால் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்பது நாளுக்கு நாள் மாறும். 600 மி.லி. ஊற்றி, 500 ஆகும்வரை காய்ச்சிக்கொள்வது நல்லது.

நாட்டுக்கோழி முட்டை சிறியது, அதில் 5 அல்லது 6 வேண்டியிருக்கும். வாத்து முட்டை என்றால் 3 போதும், கஸ்டர்ட் இன்னும் கெட்டியாக வரும். வாடை சற்றுத் தூக்கலாக இருப்பதால் ஏலக்காயைக் கூட்டுங்கள். எந்த முட்டையானாலும் ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்துக் கிடந்தால் புதியது. மிதந்தால் வேண்டாம்.

பாத்திரம்

பாலும் முட்டையும் சீனியும் சேர்ந்து ஏறக்குறைய 750 மி.லி. வரும். 1 லிட்டர் பிடிக்கிற, அடி தட்டையான, 15 அல்லது 16 செ.மீ. அகலமுள்ள எவர்சில்வர் டப்பா சரியாக இருக்கும். கலவை அதில் 4 செ.மீ. உயரம் நிற்கும். இதைவிட ஒடுங்கிய, உயரமான பாத்திரத்தில் ஓரம் வெந்து முற்றிய பிறகும் நடு நீராகவே கிடக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் எனாமல் கிண்ணங்கள் அழகானவை. ஆனால் உள்பக்கம் பூச்சு உதிர்ந்திருந்தால் அதில் அவிக்காதீர்கள். சூடான கேரமலை ஊற்றும்போது உதிர்ந்த இடம் இன்னும் பெயரும், சில்லு பண்டத்தில் கலந்துவிடும். அவற்றைப் பரிமாற வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கேரமல்

டப்பாவை அடுப்புக்குப் பக்கத்திலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கேரமல் யாருக்காகவும் காத்திருக்காது.

அடிகனமான சிறிய சட்டியில் சீனியையும் தண்ணீரையும் போட்டு நடுத்தரத் தீயில் வையுங்கள். சீனி கரையும்வரை கிண்டலாம். கொதி வந்ததும் கரண்டியை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் கிண்டினால் பாகு பூத்து, மறுபடியும் சீனியாகிவிடும். சட்டியை மட்டும் மெல்லச் சுழற்றுங்கள். அப்படியும் பூத்துவிட்டால் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுக் கரைத்து, திரும்பக் காய்ச்சலாம், வீணாகவில்லை.

ஐந்தாறு நிமிடத்தில் ஓரத்தில் வைக்கோல் நிறம் தெரியும். அங்கிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. வைக்கோல் நிறம் தேன் நிறமாகி, தேன் நிறம் செம்பழுப்பாக மாற ஒரு நிமிடம்கூட ஆகாது. செம்பழுப்பு வந்து, முதல் மெல்லிய புகை எழும்பும் முன்பே இறக்குங்கள். சட்டியின் சூடு அதை இன்னும் ஒரு படி கறுக்க வைக்கும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். தேன் நிறத்திலேயே இறக்கினால் வெறும் இனிப்புத்தான் இருக்கும், கேரமலின் மணம் வராது. கறுத்துவிட்டால் கசக்கும், அதைச் சீனி சேர்த்துச் சரிசெய்ய முடியாது, கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுவதுதான் வழி.

உடனே டப்பாவில் ஊற்றி, துணியால் பிடித்துச் சாய்த்து, அடி முழுக்கப் பரவ விடுங்கள். பாகின் சூடு 170 டிகிரி செல்சியஸுக்குக் குறையாது. தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு கொப்புளிக்கும் என்பதால் பிள்ளைகளை அடுப்படிக்கு வெளியே அனுப்பிவிட்டு இதைச் செய்யுங்கள். ஆறும்போது கேரமல் இறுகி டக் டக்கென்று விரிசல் விடும். அது சரிதான்.

பாலும் முட்டையும்

பாலை ஏலக்காய் தட்டிப் போட்டுக் காய்ச்சி இறக்குங்கள். (வெனிலா என்றால் இப்போது வேண்டாம், கடைசியில் சேர்க்கலாம்.) 100 கிராம் சீனியையும் உப்பையும் அதிலேயே கரைத்து, விரலை வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிடுங்கள். ஆடை படிந்திருந்தால் எடுத்துவிட வேண்டும்.

முட்டைகளை வேறு பாத்திரத்தில் உடைத்து, முள்கரண்டியால் கலக்குங்கள். நுரைக்க அடிக்க வேண்டாம். ஆம்லெட் பழக்கத்தில் கை தானாக வேகமாக அடிக்கும், அதைக் கட்டுப்படுத்துங்கள். உள்ளே போகும் காற்று அவியும்போது குமிழியாகி, வெட்டும் இடத்தில் ஓட்டையாகத் தெரியும். மிக்ஸியும் அதனால்தான் கூடாது. வெள்ளையும் மஞ்சளும் தனித்தனியாகத் தெரியாத அளவுக்குக் கலந்தால் போதும்.

பாலை முட்டையில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். முட்டையைக் கொண்டுபோய்ச் சூடான பாலில் கொட்டினால் நூல் நூலாகத் திரிந்துவிடும். பிறகு மெல்லிய வடிகட்டியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். முட்டையில் மஞ்சள் கருவைப் பிடித்திருக்கும் வெள்ளைத் திரி ஒன்று உண்டு. அது எவ்வளவு கலக்கினாலும் கரையாது. வடிகட்டியில் அது தங்குவதைப் பார்க்கலாம். வடிகட்டாத கஸ்டர்ட்டில் வாயில் தட்டுப்படுவது இதுதான்.

எசென்ஸ் சேர்த்து, இறுகிய கேரமல்மேல் மெதுவாக ஊற்றுங்கள். மேலே நிற்கும் குமிழிகளைக் கரண்டியால் எடுத்துவிட்டு, டப்பாவை ஒரு தட்டால் மூடுங்கள். பூட்டுப் போட்ட டப்பா மூடியால் இறுக்கிவிடாதீர்கள்.

அவிப்பது

பாலும் சீனியும் கலந்த முட்டை 80 முதல் 85 டிகிரிக்குள் இறுகும். அதைத் தாண்டிப் போனால் முட்டையின் புரதம் சுருங்கி, பிடித்துவைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். கொதிக்கும் தண்ணீரோ 100 டிகிரி. அதாவது இட்லிக்கு வைக்கிற மாதிரி தளதளவென்று ஆவி விட்டால் கஸ்டர்ட் தப்பவே முடியாது. இட்லி மாவுக்கு வேகமான ஆவி வேண்டும். இதற்கு நேர்மாறு.

இட்லிச் சட்டியில் 5 செ.மீ. தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு தாங்கி வைத்துக் கொதிக்கவிடுங்கள். கொதித்ததும் தீயை மிகக் குறைத்து, டப்பாவை இறக்குங்கள். டப்பாவின் அடி தண்ணீரில் படக் கூடாது. இட்லிச் சட்டி மூடியின் உள்பக்கம் ஒரு பருத்தித் துணியைக் கட்டி, முனைகளை மேலே முடிந்துகொள்ளுங்கள். ஆவி நீர் சொட்டாமல் துணி குடித்துக்கொள்ளும்; முனைகள் தீப்பக்கம் தொங்கக் கூடாது. மூடும்போது ஓரத்தில் ஒரு மரக்கரண்டிக் காம்பைக் கொடுத்து, மூடியைச் சற்றுத் தூக்கலாக வையுங்கள். அந்தச் சின்ன இடுக்கு வழியாக ஆவி கொஞ்சம் வெளியேறுவதால் உள்சூடு 100-க்குக் கீழேயே நிற்கும்.

தண்ணீர் சலசலக்க வேண்டும், துள்ளக் கூடாது. தாங்கி கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டால் தீ அதிகம் என்று பொருள். கேஸ் அடுப்பில் சின்ன பர்னரையே பயன்படுத்துங்கள். நடுவில் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால் வெந்நீர்தான் ஊற்ற வேண்டும்.

இந்த அளவுக்கு 40 முதல் 45 நிமிடம் பிடிக்கும். 35-ஆம் நிமிடத்தில் ஒருமுறை திறந்து, டப்பாவை மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓரம் அசையாமல் நின்று, நடுவில் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்கு மட்டும் தளதளவென்று ஆடினால் பதம். மேல்பரப்பு முழுக்க அலையடித்தால் இன்னும் ஐந்து நிமிடம். நடுவும் அசையாமல் கட்டியாக நின்றால் பதம் தாண்டிவிட்டது. ஆறும்போதே நடு இறுகிவிடும் என்பதால் முழுக்க இறுகட்டும் என்று காத்திருக்காதீர்கள். கத்தி சோதனை செய்கிறவர்கள் நடுவில் குத்தாமல், ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில் குத்திப் பாருங்கள். பிசுக்கில்லாமல் வந்தால் இறக்கலாம்.

குக்கர்தான் இருக்கிறது என்றால் அதை வெறும் சட்டியாக வைத்து, மேலே தட்டால் மூடி அவியுங்கள். குக்கர் மூடியைப் பூட்டி வெயிட் போட்டால் சூடு 100-ஐத் தாண்டிவிடும்.

ஆறவிட்டுக் கவிழ்ப்பது

இறக்கிய டப்பாவை ஒரு தாம்பாளத் தண்ணீரில் வைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு மூடி, குளிர்சாதனப் பெட்டியில் குறைந்தது 6 மணி நேரம். சித்திரை, வைகாசி வெயிலில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் விடவே கூடாது. பாலும் முட்டையும் சேர்ந்தது சீக்கிரம் கெடும். விருந்து மதியம் என்றால் முதல் நாள் சாயங்காலமே செய்துவிடுவது உத்தமம். இறுகிய கேரமல் கஸ்டர்ட்டின் ஈரத்தை இழுத்துப் பாகாகக் கரையவும் அந்த நேரம் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் கவிழ்த்தால் கேரமலில் பாதி டப்பாவிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கவிழ்க்கும் முன் மெல்லிய கத்தியை ஓரமாக ஒரு சுற்று ஓட்டி, டப்பாவை வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வையுங்கள். டப்பாவைச் சாய்த்து, ஒரு பக்கம் காற்று உள்ளே போக விடுங்கள். குழிவான தட்டை மேலே கவிழ்த்து, இரண்டையும் இறுகப் பிடித்துத் திருப்பி, ஒரு உதறு. சளக்கென்று இறங்கும். தட்டைத் தட்டு வேண்டாம், பாகு வழிந்து மேசைக்குப் போய்விடும்.

எங்கே தவறுகிறது

வெட்டினால் தேன்கூடு மாதிரி ஓட்டை: தீ அதிகம், அல்லது முட்டையை நுரைக்க அடித்தது. ஓட்டை ஓரத்தில் மட்டும் இருந்தால் தீதான் காரணம்.

தட்டில் பாகோடு வெளிறிய தண்ணீரும் நிற்கிறது: பலரும் வேகவில்லை என்று நினைத்து அடுத்த முறை இன்னும் பத்து நிமிடம் கூட்டுவார்கள். உண்மையில் வெந்து முற்றியதால் பிழிந்து வந்த நீர் அது. நேரத்தைக் குறைக்க வேண்டும்.

மேலே குழி குழியாக, ஈரமாக: மூடியிலிருந்து சொட்டிய ஆவி நீர். கவிழ்த்த பிறகு அந்தப் பக்கம் அடியில் போய்விடும், ருசிக்குப் பழுதில்லை.

கவிழ்த்ததும் உடைந்து பரவுகிறது: ஒன்று குளிரவில்லை, இல்லை முட்டை சிறியது.

முட்டை வாடை: பழைய முட்டையும் அதிகச் சூடும் சேர்ந்தால் வரும். எசென்ஸைக் கூட்டி மறைக்கப் பார்த்தால் எசென்ஸ் வாடையும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

கருப்பட்டி சேர்த்துச் செய்ய

பாலில் கருப்பட்டியோ வெல்லமோ போட்டுச் சூடாக்கினால் திரிய வாய்ப்பு அதிகம். அதனால் தேங்காய்ப்பாலுக்கு மாறுங்கள். 200 கிராம் கருப்பட்டியை 60 மி.லி. தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். 5 முட்டை, 300 மி.லி. கெட்டியான முதல் தேங்காய்ப்பால், ஏலக்காய்த் தூள், துளி சாதிக்காய். அடியில் கேரமல் தேவையில்லை. வடிகட்டி, மேலே சொன்ன அதே மெல்லிய ஆவியில் அவித்தால் போதும். கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம் வீடுகளின் வட்டலப்பம் இந்த வகையைச் சேர்ந்ததுதான். கருப்பட்டி உப்புக் கரிக்கும் என்பதால் இதில் உப்பு வேண்டாம்.

அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனி என்று முட்டை புழங்காத நாட்களுக்குக் கஸ்டர்ட் பவுடர் இருக்கிறதே என்பார்கள். அது 1837-இல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் செய்தது. சோள மாவுதான் அதில் கெட்டிப்படுத்துவது. பழத்தோடு சேர்த்துச் சாப்பிட நன்றாக இருக்கும். ஆனால் இந்த முறையில் முட்டைக்குப் பதிலாக அதைப் போட்டு அவிக்க முடியாது.

செய்த கஸ்டர்ட் குளிரில் மூடி வைத்தால் இரண்டு நாள் தாங்கும். உறையவைக்கும் பெட்டியில் வைக்காதீர்கள், உருகும்போது தண்ணீர் பிரிந்துவிடும். கேரமல் காய்ச்சிய சட்டியைச் சுரண்ட வேண்டாம்: தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் தானே கரைந்து வந்துவிடும்.