பூட் ஆகும்போது மட்டும் விழும் சர்வீஸ்கள்: சிஸ்டம்டியில் தவிர்க்க வேண்டியவை

லினக்ஸ் பூட் ஆகும்போது பின்னணியில் ஓடும் புரோகிராம்களை, அதாவது சர்வீஸ்களை, கிளப்பிவிடுவது சிஸ்டம்டி. எதை, எப்போது, எப்படிக் கிளப்ப வேண்டும் என்று அதற்குச் சொல்வது சர்வீஸ் ஃபைல். புதிதாக வேலைக்கு வருபவர்கள் எழுதும் அந்த ஃபைல்களைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. எழுத்துப் பிழை, மாற்றிய ஃபைலை மறுபடி படிக்கச் சொல்லும் டீமன்-ரீலோடு கட்டளையைக் கொடுக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை உடனே கண்ணில் பட்டுவிடும். கையால் ஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக ஓடி, பூட் ஆகும்போது மட்டும் காலை வாரும் தவறுகள்தான் ஆபத்து.

ஆஃப்டர் போட்டால் போதும் என்று நினைப்பது

ஓர் அலுவலகத்தில் பில்லிங் சர்வீஸ், வேறொரு சர்வரில் இருந்த டேட்டாபேஸை நம்பி ஓடியது. எழுதிய தம்பி 'ஆஃப்டர் நெட்வொர்க் டார்கெட்' என்று, அதாவது நெட்வொர்க் டார்கெட்டுக்கு அப்புறம் கிளப்பு என்று போட்டிருந்தார். டார்கெட் என்பது பூட் ஆவதில் ஒரு கட்டத்துக்கு வைத்த பெயர். இரவில் கரண்ட் போய் வந்தது. காலையில் பில் போட முடியவில்லை. சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் 'நெட்வொர்க் அன்ரீச்சபிள்'. உடனே முப்பது விநாடி ஸ்லீப், அதாவது சும்மா காத்திருக்கும் வரி, சேர்த்தார். ஸ்விட்ச் மாற்றியதும் ஐபி கிடைக்கத் தாமதமாகி, மறுபடியும் அதே கதை. இந்த ஸ்லீப்பைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமலே காத்திருப்பது அது.

ஆஃப்டர், பிஃபோர் இரண்டும் வரிசையை மட்டுமே சொல்கின்றன. 'ரசத்துக்கு அப்புறம் மோர்' என்றால் ரசம் வைக்கச் சொன்னதாகிவிடாது. ஒன்றை இழுத்துவருவது வான்ட்ஸ் (வராவிட்டாலும் பரவாயில்லை) அல்லது ரிக்வயர்ஸ் (வந்தே ஆக வேண்டும்). ஆனால் ரிக்வயர்ஸ் மட்டும் இருந்து ஆஃப்டர் இல்லையென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பும்.

அப்புறம், நெட்வொர்க் டார்கெட் வந்துவிட்டது என்பதற்கு ஐபி கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. அதன் உண்மையான பயன் ஷட்டவுனில். அப்போது வரிசை தலைகீழாவதால், நெட்வொர்க் போவதற்கு முன்பே நம் சர்வீஸ் நிற்கும். இணைப்பு கிடைக்கும்வரை காத்திருக்க நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டை வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டிலும் எழுத வேண்டும். நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்வது நெட்வொர்க்மேனேஜரோ நெட்வொர்க்டியோ, எது ஓடுகிறதோ அதன் வெயிட்-ஆன்லைன் சர்வீஸும் எனேபிள் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த டார்கெட் எதற்காகவும் காத்திருக்காது.

இவ்வளவு செய்தாலும் எதிர்ப்பக்க டேட்டாபேஸ் தயாராக இருக்கும் என்று உறுதியில்லை. விழுந்தால் மறுபடி கிளப்பச் சொல்லும் ரீஸ்டார்ட் ஆன்-ஃபெயிலியர் போடுங்கள், கூடவே ஐந்து விநாடி இடைவெளிக்கு ரீஸ்டார்ட்செக் 5 என்றும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் இயல்பு இடைவெளி 100 மில்லிவிநாடிதான். ஒரு சர்வீஸைக் கிளப்பிப் பார்க்க வழக்கமான வரம்பு 10 விநாடிக்குள் 5 முறை. சட்டென்று விழும் சர்வீஸ் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும், சிஸ்டம்டியும் கைவிட்டுவிடும்.

எல்லாவற்றுக்கும் ரிக்வயர்ஸ்

வேண்டாம். பெரும்பாலும் வான்ட்ஸ் போதும்.

டைப் சிம்பிளை நம்புவது

சர்வீஸ் எப்போது ஸ்டார்ட் ஆனதாக எடுத்துக்கொள்வது என்பதை டைப் சொல்கிறது. சிம்பிளில், ப்ராசஸ் பிறந்ததுமே 'ஸ்டார்ட் ஆகிவிட்டது' என்று கணக்கு முடிந்துவிடும், உள்ளே இன்னும் கான்ஃபிக் படித்துக்கொண்டிருந்தாலும் சரி. பின்னால் நிற்பவை காத்திருக்க வேண்டுமென்றால், புரோகிராம் ஆதரித்தால், தயாரானதும் அதுவே சொல்லும் நோட்டிஃபை டைப் போடுங்கள்.

சர்வரில் கிராஃபிக்கல் டார்கெட்

வான்டட்பை வரியில், டெஸ்க்டாப் வரும் கட்டமான கிராஃபிக்கலுக்குப் பதில் மல்டி-யூசர் போடுங்கள்.

ஒன்றுக்கொன்று ஆஃப்டர்

இதற்கு அது பின்னால், அதற்கு இது பின்னால் என்று வளையம் விழுந்தால், அதை உடைக்க சிஸ்டம்டி ஒரு ஜாபை, அதாவது கிளப்ப வேண்டியவற்றில் ஒன்றை, தூக்கிவிடும். எதைத் தூக்கியது என்பது ஜர்னலில் 'ஆர்டரிங் சைக்கிள்' என்ற வரியை ஒட்டி இருக்கும். ரீபூட் கொடுப்பதற்கு முன்பே, ஃபைலைச் சோதிக்கும் சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை கட்டளையை ஓட்டிப் பாருங்கள்.