வந்தாவா, வந்தாத்தானா? லாஜிக் கேள்வில நான் கோட்டைவிட்ட இடம்

மூணு மாக் டெஸ்ட் எழுதினேன், மூணுலயும் லாஜிக்கல் ரீசனிங்ல ஒரே இடத்துல அடி. அதை எப்படி சரி பண்ணேன்னு எழுதி வச்சுக்கிறேன்.

முதல்ல, 'இஃப்' வர்ற வாக்கியத்தை அம்புக்குறியா மாத்துங்க. மேட்டூர்ல பாசனத்துக்குத் திறந்தா கல்லணைக்கு தண்ணி வரும்:

மேட்டூர் திறப்பு → கல்லணையில தண்ணி

அடுத்து கான்ட்ராபாசிட்டிவ். ரெண்டையும் இடம் மாத்தணும், ரெண்டுக்கும் 'இல்ல' போடணும். ஒண்ணை மட்டும் செஞ்சா போச்சு.

கல்லணையில தண்ணி இல்ல → மேட்டூர் திறக்கல

இதைக் கண்ணை மூடிட்டு டிக் அடிக்கலாம். ஆனா "கல்லணைக்கு தண்ணி வந்துருச்சு, அப்ப மேட்டூர் திறந்தாச்சு"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அது மறுதலை ('இல்ல' போடாம இடம் மட்டும் மாத்துனது), தொடாதீங்க. பவானியும் அமராவதியும் மேட்டூருக்குக் கீழதான் காவிரியில சேருது, அந்தப் பக்கம் மழை கொட்டுனா மேட்டூர் மூடியிருந்தாலும் இங்க தண்ணி வரும்.

இப்ப என்னைக் கவுத்த இடம், 'ஒன்லி இஃப்'. உள்ள 'இஃப்' இருக்கேன்னு அங்கேருந்தே அம்பு போட்டுட்டு இருந்தேன். புரிய வச்சது சித்தப்பாதான். "ஆத்துல தண்ணி வந்தாத்தான்டா நாத்து விடுவேன்"னாரு. ஜூன் 12 திறந்து, எங்க வாய்க்காலுக்கும் வந்துருச்சு, வயல் அப்படியே கெடக்கு. என்ன சித்தப்பா இன்னும் விடலையான்னேன். "வந்தா விடுவேன்னா சொன்னேன்? வந்தாத்தான் விடுவேன்னேன். வெதநெல்லு எங்கண்ணனா வாங்கித் தரப்போறாரு?"

அந்த 'தான்' சேர்ந்தா அம்பு திரும்பிடும்:

நாத்து விட்டாச்சு → தண்ணி வந்திருக்கு

அதனால 'ஒன்லி இஃப்' பாத்தா மனசுக்குள்ள 'தான்' போட்டு தமிழ்ல சொல்லிப் பாருங்க. (போர் செட் வச்சிருக்கவங்க சண்டைக்கு வராதீங்க, சித்தப்பாகிட்ட போர் இல்ல.)

'அன்லெஸ்' வந்தா அதை அடிச்சுட்டு 'இல்லாட்டி'ன்னு எழுதுங்க, அவ்ளோதான். 'தண்ணியும் ஆளும் கெடச்சா நடவு நடக்கும்'னா, திருப்பும்போது 'உம்' உடைஞ்சு 'அல்லது' ஆயிடும்: நடவு நடக்கல → தண்ணி இல்ல அல்லது ஆள் இல்ல, ரெண்டுமே இல்லாமயும் இருக்கலாம்.

வென் படம் போடச் சொல்லுவாங்க, எனக்கு இந்த மாதிரி கேள்விக்கு அது சுத்தமா பிடிக்காது, வட்டம் வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள நேரம் போயிடுது. பென்சில், ரஃப் ஷீட், அம்புக்குறி போதும்.

பின்சேர்க்கை: படிச்சுட்டு ஒரு தம்பி கேட்டாரு, மேட்டூர்ல திறந்த தண்ணி கல்லணைக்கு வர மூணு நாலு நாள் ஆகுமே, அதுவரைக்கும் உங்க கான்ட்ராபாசிட்டிவ் பொய்தானேன்னு. நியாயம்தான். ஆனா பொய்யானது கான்ட்ராபாசிட்டிவ் மட்டுமில்ல, நான் எழுதின முதல் வாக்கியமே அந்த நாலு நாளைக்குப் பொய், ஒண்ணு விழுந்தா இன்னொண்ணும் கூடவே விழும். 'திறந்து நாலு நாள் ஆச்சுன்னா'ன்னு எழுதியிருக்கணும். பரீட்சையில இந்தக் கவலை வேணாம், குடுத்த வாக்கியம் உண்மைன்னு எடுத்துக்கிட்டு திருப்பிட்டுப் போயிட்டே இருங்க.