அப்பத்தாவின் அம்மா யூதப் பெண்ணா? வீட்டுக் கதையை டிஎன்ஏ-வோடு ஒப்பிடும் வழி

எங்கள் பழனி மலைத் தாண்டிக்குடிப் பக்கம் ஏலக்காய் வியாபாரம் செய்த குடும்பங்களில் கொச்சித் தொடர்பு பற்றிய கதைகளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் வீட்டுக் கதை: அப்பத்தாவின் அம்மா கொச்சி யூதப் பெண், மலைக்கு வந்து கத்தோலிக்கரானவர். அப்பாவோடு பிறந்த அத்தை சொல்லும் ஆதாரம் இரண்டு, இரண்டும் யூத வழக்கமாம். பன்றிக்கறியை வீட்டுக்குள் விடமாட்டாராம். வெள்ளிக்கிழமை அந்தியில் விளக்கேற்றுவாராம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றாத வீடு தமிழ்நாட்டில் எத்தனை இருக்கிறது என்று அத்தையிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

இப்படி ஒரு கதை உங்கள் வீட்டிலும் இருந்தால், டெஸ்ட் கிட் வாங்குவதற்கு முன் கதையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதுங்கள். யார், எந்த ஊர், யார் கூட்டி வந்தது, கல்யாணம் எந்தக் கோயிலில். பெரியவர்கள் பேசுவதை மொபைலில் பதிவு செய்யுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். அத்தை ஊர்ப் பெயரைச் "சேந்தமங்கலம்" என்றார். கேரளத்தில் பெரியாற்றுக்கு அருகே யூதர்கள் வாழ்ந்த சேந்தமங்கலம் ஒன்று உண்டு, பழைய ஜெபக்கூடம்கூட இருக்கிறது. நாமக்கல்லிலும் ஒரு சேந்தமங்கலம் உண்டு! எது என்று தெரியாமல் மேலே போனால் எல்லாமே தப்பாகப் போகும். வயது வந்தபின் ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் பங்குக் கோயில் பதிவேட்டில் பாருங்கள். பழைய ஏடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும்; பங்குச் சாமியாரிடம் ஆண்டைச் சொல்லிக் கேட்டால் வேலை சுலபம்.

அப்புறம், "வெள்ளை யூதர்" (பிற்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த பரதேசி யூதர்) என்று கதை சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 1568-ல் கட்டிய மட்டாஞ்சேரி பரதேசி ஜெபக்கூடத்தைத்தான் சுற்றுலா போனவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், அதனால் கதையும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். எண்ணிக்கையில் அதிகம் எர்ணாகுளம், பரவூர், மாளா, சேந்தமங்கலம் பக்கத்து மலபாரி யூதர்கள்தான்.

அடுத்தது, யாரைச் சோதிப்பது? வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்தவரை. கதையில் வரும் பாட்டியிடமிருந்து, அதாவது அப்பத்தாவின் அம்மாவிடமிருந்து, என் அத்தைக்குச் சராசரியாக 25 சதவீதம் வந்திருக்கும், எனக்கு 12.5 தான். அதோடு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாய் வழியாக மட்டும் இறங்கும். பாட்டியுடையது அப்பத்தா வழியாக அத்தைக்கு வந்தது. அப்பாவுக்கும் வந்தது, ஆனால் அப்பாவிடமிருந்து எனக்கு வராது. ஆக, என் எச்சிலைக் கொடுத்துப் பணத்தைச் செலவழிப்பதில் பாதிப் பயன் போய்விடும். உங்கள் கதையில் வருபவர் ஆண், அதுவும் அப்பா, தாத்தா, பூட்டன் என்று நேர் ஆண் வழி என்றால் ஒய் குரோமோசோம் சோதனை உதவும். ஆனால் ஜே2, ஆர்1ஏ என்று ஆண் வழிக் குறி வந்தவுடன் துள்ளிக் குதிக்காதீர்கள். இரண்டும் யூதர்களிடம் உண்டு. நம் ஊரிலும் தாராளமாக உண்டு.

மாதிரி எடுப்பது சின்ன வேலை, வெற்றிலை போடும் அத்தை இல்லாதவரை. எடுப்பதற்கு முன் குறைந்தது அரைமணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. அத்தைக்கு விடிந்ததும் முதல் வேலை வெற்றிலைச் செல்லம். அதைக் கைக்கு எட்டாத பரணில் வைத்துவிட்டு, வெந்நீரில் நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லி, காத்திருந்து, பஞ்சுக் குச்சியைக் கன்னத்தின் உட்புறம் தேய்த்தோம். அப்படியும் நுனி லேசாகச் சிவந்துதான் வந்தது. மாதிரி தேறிவிட்டது. இதற்கெல்லாம் முன்பே அத்தையின் சம்மதம் வாங்குங்கள், கணக்கில் புனைபெயர் போடுங்கள். 2023-ல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரம் திருடு போனது. அதில் அஷ்கெனாசி (ஐரோப்பிய) யூத வம்சத்தவர் பட்டியலைத் தனியாகப் பிரித்து விலைக்கு வைத்தார்கள்.

முடிவு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது சதவீதத்தை. என் கணக்கில் கடைசியில் பார்க்க வேண்டியது அதுதான். கொச்சி யூதர்களின் மரபணுவை ஆராய்ந்து 2016-ல் வந்த கட்டுரைகளின்படி அவர்களிடம் இந்திய வம்சாவளியும் யூத வம்சாவளியும் கலந்தே இருக்கின்றன. அப்படியானால் பாட்டி அசல் கொச்சி யூதராகவே இருந்தாலும், அத்தையின் முடிவில் பெரும்பகுதி "தென்னிந்தியா" என்றுதான் விழும். மேற்காசியா என்று ஓரிரு சதவீதம் வந்தால் அதையும் யூதர் கணக்கில் எழுத முடியாது. அரபு வியாபாரி நம் கரைக்கு வராத நூற்றாண்டு ஏது? தாய்வழிக் குறியும் அப்படித்தான். கொச்சி யூதப் பெண்களின் தாய்வழி பெரும்பாலும் உள்ளூர் வேர் என்று 2008-லேயே எழுதிவிட்டார்கள். அத்தைக்கு வந்தது எம் பிரிவு, இந்தியாவில் மிகப் பரவலான தாய்வழிக் குறி. கதை பொய் என்றும் சொல்லாது, மெய் என்றும் சொல்லாது.

விஷயம் இருப்பது உறவுப் பட்டியலில், அதாவது சோதனை செய்தவர்களில் உங்களோடு டிஎன்ஏ துண்டுகள் ஒத்துப்போகிறவர்களின் பட்டியலில். 1950-களில் கொச்சி யூதர்கள் பெரும்பாலும் இஸ்ரேல் போய்விட்டார்கள். நெகேவ் பாலைவனத்து நெவாதிம் போன்ற கிராமங்களில் குடியேறினார்கள். அவர்களின் பிள்ளைகள் யாராவது சோதனை செய்திருக்கலாம். பாட்டிக்கு ஒரு தம்பி இருந்து, அவர் பேரனும் அத்தையும் சோதித்தால் சராசரியாக 230 சென்டிமார்கன் (டிஎன்ஏ துண்டை அளக்கும் அலகு) அளவுக்குப் பொதுவாக இருக்கும். கூடக் குறைய வருவது சகஜம். மொத்தத்தை மட்டும் பார்க்காமல் மிக நீளமான ஒற்றைத் துண்டைப் பாருங்கள். சின்னச் சமூகம், தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கல்யாணம். பொடித் துண்டுகள் சேர்ந்து மொத்தத்தை ஊதிக்காட்டும். நாமும் மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டியவர்கள், நம் பக்கமும் அதே கதைதான். 7 சென்டிமார்கனுக்குக் கீழே இருப்பதைத் தள்ளிவிடுங்கள். ஒரே துண்டு 20-ஐத் தாண்டினால் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு நிறுவனத்தோடு நிற்காமல் மூலக் கோப்பை இறக்கி, பல நிறுவனங்களின் முடிவுகளை ஒப்பிடும் ஜெட்மேட்ச் தளத்திலும் ஏற்றினால் வலை பெரிதாகும்.

அத்தைக்கு ஒருவர் கிடைத்தார்: மொத்தம் 64, நீளத் துண்டு 31, தாத்தா பாட்டி பரவூர் என்று போட்டிருந்தார். உறவு உண்டு, சரி. ஆனால் எந்த வழியில்? இதற்கு அத்தையின் அப்பாவுடைய தம்பி மகனையும் சோதித்தோம். அந்தப் பரவூர்க்காரர் அவர் பட்டியலில் இல்லை. ஆகவே அத்தையின் அம்மா வழி என்பதற்கு எடை கூடுகிறது. இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் அப்பத்தாவின் அப்பா வழியில் ஒருவரைப் பிடித்துச் சோதிக்க வேண்டும். அதற்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படி ஒருவர் கிடைத்தால் முதல் கடிதத்திலேயே முழுக் கதையையும் கொட்டாதீர்கள். உங்கள் தரப்பு ஊர், தோராயமான ஆண்டு, பகிர்ந்த அளவு, இவ்வளவு போதும். அவர் வீட்டில் மலைக்குப் போன பெண் பற்றிப் பேச்சு உண்டா என்று கேளுங்கள், பாட்டியின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வரட்டும்.