காய்ச்சல் எப்போது இறங்கும்? கால்க்கில் போட்டுப் பார்க்கலாம்

மும்பையில் எங்கள் செம்பூர் சொசைட்டியில் காய்ச்சல் பரவியபோது வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கேட்டது, 'எப்போது இறங்கும்?' அதற்காகப் போட்ட கணக்கு இது. பைத்தான் நிரல் எழுதுவதை அப்புறம் பார்க்கலாம். லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாள் (எக்செல் மாதிரி) மென்பொருளில் ஒவ்வொரு நாளும் ஒரு வரியாகக் கண்ணில் படும். தொடங்குபவருக்கு அதுதான் நல்லது.

நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்): நாள், நோய் வராதவர், நோயாளி, குணமானவர். முதல் வரியில் 0, 999, 1, 0. தனியாக மூன்று கட்டங்களில் மொத்தம் 1000, பீட்டா 0.5 (பரவும் வேகம்), காமா 0.2 (ஒரு நாளில் குணமாகும் பங்கு; ஐந்து நாளில் குணமாவதாக வைத்தால் 1/5). எல்லாம் உதாரண எண்கள்தான்.

இனி சூத்திரம். புதுத் தொற்று = பீட்டா × வராதவர் × நோயாளி ÷ மொத்தம். குணமாகிறவர் = காமா × நோயாளி. முதலாவதை வராதவரில் கழித்து நோயாளியில் கூட்டுங்கள். இரண்டாவதை நோயாளியில் கழித்து குணமானவரில் கூட்டுங்கள்.

பலரும் சறுக்குவது அந்த '÷ மொத்தம்' என்ற இடத்தில்தான். அதை விட்டால் ஒரே நோயாளி முதல் நாளிலேயே 499.5 பேருக்குப் பரப்பிவிடுவார், இரண்டாம் நாள் வராதவர் எண்ணிக்கை மைனஸில் போகும். மைனஸ் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள். அடுத்து, மூன்று கட்டங்களின் முகவரிக்கும் டாலர் குறி ($F$1 மாதிரி) போட்டீர்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது அவையும் நகர்ந்துவிடும். எல்லாக் கணக்கும் ஒரு வரி மேலே உள்ள (முந்தைய நாளின்) எண்களை வைத்தே நடக்க வேண்டும்.

சரி, 80 நாள் வரை இழுத்து வரைபடம் போடுங்கள். வராதவர் 400-க்குக் கீழே போனதும் நோயாளிகள் குறையத் தொடங்குவார்கள். 400 என்பது மொத்தம் × காமா ÷ பீட்டா. கடைசிவரை நோயே வராமல் தப்பிப்பவர்கள் ஏறக்குறைய நூறு பேர்.

இந்தக் கணக்குக்கும் மும்பைக்கும் பழைய உறவு உண்டு. இதற்கு அடிப்படை போட்ட ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் 1927-இல் தங்கள் சமன்பாட்டைப் பொருத்திப் பார்த்தது 1905-06 பம்பாய் பிளேக் மரணக் கணக்கோடுதான். பிளேக் எலி, தெள்ளுப்பூச்சி வழியாக வருவது என்பதால் அந்தப் பொருத்தத்தை நான் அவ்வளவாக நம்பமாட்டேன். ஆளுக்கு ஆள் தொற்றும் காய்ச்சலுக்கு இது ஒத்துவரும்.

பின்சேர்க்கை: '1.3 நோயாளி என்று வருகிறதே, ரவுண்ட் போடலாமா?' என்று ஒருவர் கேட்டார். போடாதீர்கள். புதுத் தொற்று 0.4995 பூஜ்யமாகிவிடும், குணமாகிறவர் 0.2-உம் பூஜ்யமாகும், அந்த ஒரு நோயாளி 80 நாளும் ஒருவராகவே நிற்பார். சராசரி என்று எடுத்துக்கொண்டு தசமத்தை அப்படியே விடுங்கள்.