உரிமையாளர் நோய்ப்படுக்கையில்: குடும்பத் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனி உரிமையாளர் பெயரில் நடக்கும் ஜவுளிக்கடையோ அரிசி மண்டியோ, அதை நடத்துபவர் பக்கவாதத்தாலோ புற்றுநோயாலோ படுத்துவிட்டால், குடும்பத்தார் முதலில் எழுதி வாங்குவது பவர் பத்திரம். அதை மட்டும் நம்பியிருப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும் சித்த சுவாதீனம் இழந்தாலும் அந்த அதிகாரம் முடிந்துவிடும். எந்த நிலைமைக்கு அஞ்சி அதை எழுதினார்களோ, அந்த நிலைமை வந்ததும் பத்திரம் பயனற்றுப் போகிறது. கோமாவில் இருக்கும் கணவரின் சொத்தை நிர்வகிக்க மனைவியும் நீதிமன்றத்தின் மூலம் காப்பாளராக நியமனம் பெற வேண்டும். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய கோரிக்கை ஒன்றை மேல்முறையீட்டில் ஏற்றது.

ஆகவே, நினைவு தெளிவாக இருக்கும்போதே உயிலா, உரிமை மாற்றமா என்று முடிவு செய்வது நல்லது. பதிவு அலுவலகம் வரை அவரால் வர முடியாதே என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. உடல் நலிந்தவர் இருக்கும் இடத்துக்கே சார்பதிவாளர் வந்து பதிவு செய்யப் பதிவுச் சட்டம் இடமளிக்கிறது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் இரண்டு சாட்சிகள் கட்டாயம். அவர்களில் ஒருவர் சிகிச்சை அளிக்கும் மருத்துவராக இருந்தால், உயில் எழுதியவர் தெளிவான மனநிலையில் கையெழுத்திட்டாரா என்ற பிற்காலச் சண்டை பெரும்பாலும் எழாது.

கடைக் கட்டடம் யார் பெயருக்கு, எந்த வழியில் போகிறது என்பதில் கவனம் தேவை. வயது வந்த மகனுக்கோ மகளுக்கோ செட்டில்மென்ட் (விலை வாங்காமல் சொத்தை எழுதித் தரும் பத்திரம்) எழுதினால் கொடுத்தவருக்கு மூலதன ஆதாய வரியும் (சொத்து கைமாறும்போது அதன் மதிப்பு உயர்வின் மீது விதிக்கும் வரி) இல்லை, பெற்றவருக்கு வருமான வரியும் இல்லை. அவசரமாக ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கி, அதே கட்டடத்தை மூலதனமாகக் கொண்டுவந்தால் மூலதன ஆதாய வரி வந்து சேரும். மனைவிக்குக் கொடுத்தால் வாடகை வருமானம் கணவரின் கணக்கிலேயே கூட்டப்படும். தவிர, தந்தையும் மகனும் மட்டுமே பங்குதாரர்கள் என்றால், ஒருவர் மறைவோடு அந்தக் கூட்டு நிறுவனமே கலைந்துவிடும். நாமினியாகப் பெயர் இருப்பதையும் உரிமை என்று எண்ண வேண்டாம். நிறுவனப் பங்குகளுக்கும் நாமினி உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023இல் கூறிவிட்டது.

ஜிஎஸ்டி விஷயத்தில் சிக்கல் பெரும்பாலும் ஒரு கைபேசியில்தான் தொடங்குகிறது. ஓடிபி நோயாளியின் எண்ணுக்கு வரும்; கைபேசியோ தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, யாருக்கும் தெரியாத கடவுச்சொல்லோடு கிடக்கும். மாதாந்திரக் கணக்குத் தாக்கல் தொடர்ந்து ஆறு மாதம் விட்டுப்போனால் பதிவையே ரத்து செய்யலாம். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. இன்னொருவரை அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராக முன்பே சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

உரிமையாளர் காலமான பிறகும் பழைய ஜிஎஸ்டி எண்ணில் பில் போடுவதும், அவர் முன்பே கையெழுத்திட்டு வைத்த காசோலைகளை வங்கிக்கு அனுப்புவதும் கூடாது. தொழிலைத் தொடரும் வாரிசு தம் பெயரில் புதிய பதிவு பெற்று, பழைய கணக்கில் மிஞ்சிய உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் ஏற்கெனவே கட்டிய ஜிஎஸ்டிக்கான வரவு) ஐடிசி-02 படிவத்தின் வழியே மாற்றிக்கொள்ளலாம்; பழைய வரி பாக்கியும் அவரையே சேரும்.