ஆங்கில இடியம்களுக்கு ‘வரலாறு’ சொல்வதற்கு முன்

ஆங்கில இடியம், அதாவது மரபுத்தொடர், எப்படிப் பிறந்தது என்று ரீல்ஸிலும் வாட்ஸ்அப் பார்வர்டுகளிலும் வரும் கதைகளில் முக்கால்வாசி புளுகு. இதைத் தெரிந்துகொள்ளாமல் வகுப்பில் பாடமாகவே நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதல் தவறு, கதை நன்றாக இருக்கிறதே என்று தேதியைப் பார்க்காமல் விடுவது. ‘ரூல் ஆஃப் தம்ப்’ என்பதற்கு ஒரு கதை உண்டு: கட்டைவிரல் பருமனுக்கு மேல் போகாத குச்சியால் மனைவியை அடிக்கலாம் என்று பழைய ஆங்கிலச் சட்டம் சொன்னதாம். அப்படி ஒரு சட்டம் இருந்ததே இல்லை. பிரான்சிஸ் புல்லர் என்ற நீதிபதி அப்படிச் சொன்னதாக 1782-ல் ஒரு பேச்சு கிளம்பி, ஜேம்ஸ் கில்ரே அவரைக் கேலிச்சித்திரமாகவே வரைந்துவிட்டார், ஆனால் அவர் சொன்னதற்கு எந்தப் பதிவும் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியம், இந்தத் தொடர் அதற்குச் சுமார் நூறு வருஷம் முன்பே, 17-ஆம் நூற்றாண்டிலேயே அச்சில் வந்துவிட்டது, அதுவும் அளவுகோல் இல்லாமல் கைப்பழக்கத்தில் குத்துமதிப்பாகச் செய்வது என்ற பொருளில். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் முதல் பயன்பாட்டு ஆண்டைப் பார்த்தாலே பாதிக் கதைகள் செத்துவிடும்.

1999 வாக்கில் ‘1500-களின் வாழ்க்கை’ என்று ஒரு மின்னஞ்சல் உலகம் பூராவும் சுற்றியது, இன்றைய ரீல்ஸ் பலவற்றுக்கும் அதுதான் தாய்வீடு. மழை ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று கொட்டுவதற்கு அது சொன்ன காரணம், கூரைமேல் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததாம். கூரை வீட்டைப் பார்த்தவர்கள் யாராவது நம்புவார்களா? மழை வந்தால் எந்த நாய் கூரைமேல் ஏறும்! ‘சேவ்ட் பை த பெல்’ (மணி காப்பாற்றியது) என்பதற்கும், தவறுதலாக உயிரோடு புதைக்கப்பட்டவர் அடிப்பதற்காகச் சவப்பெட்டியில் மணி கட்டிய கதையை அதுவே பரப்பியது. மணி வைத்த சவப்பெட்டிக்கு 19-ஆம் நூற்றாண்டில் காப்புரிமை வாங்கியவர்கள் உண்டு, அது நிஜம்தான், ஆனால் தொடர் வந்தது குத்துச்சண்டை மேடையிலிருந்து: அடி தாங்காமல் விழப்போகிறவனை ரவுண்டு முடியும் மணி காப்பாற்றியது.

அப்புறம், முதலெழுத்துச் சுருக்கம் என்று சொல்லும் கதையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கலாம். ஆடம்பரம் என்று பொருள்படும் ‘போஷ்’, ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ என்பதன் முதலெழுத்துகளாம்: இந்தியாவுக்குக் கப்பலில் போகும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை, வெயில் படாத பணக்கார டிக்கெட் என்பார்கள். அந்தக் கப்பல்களை ஓட்டிய பி அண்ட் ஓ கம்பெனியின் ஆவணங்களில் அப்படி ஒரு டிக்கெட்டே இல்லை. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் உண்டாக்குவது 20-ஆம் நூற்றாண்டுக்கு முன் ரொம்ப அபூர்வம். ‘ஓகே’ மட்டும் விதிவிலக்கு: 1839-ல் பாஸ்டன் பத்திரிகை ஒன்று ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே தப்பாக ‘ஓல் கொரெக்ட்’ என்று எழுத்துக்கூட்டி, அதன் முதலெழுத்துகளை வைத்துச் செய்த நக்கல் அது.

எனக்கு ரொம்ப எரிச்சல் தருவது ‘முழுப் பழமொழி’ வியாபாரம். ‘பிளட் இஸ் திக்கர் தான் வாட்டர்’ என்பது, உண்மையில் உடன்படிக்கையின் ரத்தம் கருப்பை நீரைவிடக் கெட்டியானது, அதாவது சொந்தத்தைவிட நட்பே பெரிது என்ற பழமொழியின் வெட்டுப்பட்ட வடிவமாம். அந்த நீள வடிவத்துக்குப் பழைய சான்று எதுவும் கிடையாது. 1815-ல் வால்டர் ஸ்காட் நாவலில் வரும்போதே அது நம் ‘தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்’ சொல்லும் சமாசாரம்தான். ஆர்வம் பூனையைக் கொன்றது என்ற ‘க்யூரியாசிட்டி கில்டு த கேட்’டும் அப்படித்தான். ஷேக்ஸ்பியர் காலத்தில் பூனையைக் கொன்றது கவலை. ஆர்வம் பின்னால் வந்தது, திருப்தி பூனையைப் பிழைக்க வைத்தது என்ற வால் அதற்கும் பிறகு ஒட்டியது.

கதையை விடுங்கள், பொருளையே மாற்றிப் பிடிக்கும் இடமும் உண்டு. ‘எக்ஸெப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல்’ (விதிவிலக்கு விதியை நிரூபிக்கிறது) என்று சொல்லி, தன் வாதத்துக்கு எதிரான உதாரணத்தையே ஆதாரமாக்கிக்கொள்கிறார்கள். ‘ப்ரூவ்’ என்றால் இங்கே சோதிப்பது என்று திருத்துகிறவர்களும் தப்புதான். ரோமானிய வழக்கறிஞர் சிசரோ கிமு 56-ல் ரோமில் பால்பஸ் என்பவருக்காக வாதாடியபோது வைத்த தர்க்கம் இது. இன்றைய உதாரணத்தில் சொன்னால், ஞாயிறு மட்டும் இங்கே வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகை இருந்தால், மற்ற ஆறு நாளும் நிறுத்தலாம் என்ற எழுதாத விதி ஒன்று இருப்பதை அந்த விலக்கே காட்டிக்கொடுத்துவிடுகிறது.